தகரக் கவசமும் தளபதி பதவியும்

குடியிருப்பின் ஆண்டு விழா நாடகத்தில் தான்தான் தளபதி என்று கேஷியர் முடிவு கட்டிவிட்டார். அவர் கட்டிய முடிவை அவிழ்க்கிற உரிமை உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அந்த அம்மாள் அப்போது சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு, இந்த வருஷம் தளபதி வேஷம் எனக்குத்தான்!"

"ரொம்ப சந்தோஷம். தளபதியாரே, போற வழியில அந்தக் குப்பையக் கொட்டிட்டுப் போங்க."

கொட்டிவிட்டுத்தான் போனார். வீரம் வேறு, வீட்டு வேலை வேறு.

நாடகத்தை எழுதி இயக்குபவர் மேல்மாடி வக்கீல். கோர்ட்டில் பேச முடியாமல் போனதையெல்லாம் வசனமாக எழுதித் தீர்த்துக்கொள்கிற மனுஷன். கூட்டம் போட்டு, தளபதி வேஷம் யாருக்கு வேண்டும் என்று கேட்டார். கேஷியர் கை தூக்கினார். எதிர்வீட்டுப் பல் டாக்டரும் தூக்கினார். டாக்டருக்கு உயரம் இருந்தது, கணீரென்ற குரல் இருந்தது. கேஷியருக்கு வயிறு இருந்தது. மூன்றாவதாக ஒரு கை எழுந்தது. பார்த்தால், கேஷியரின் மனைவி!

"எனக்கும் ஆசைதான் சார். வசனமெல்லாம் நல்லா வரும்," என்றாள்.

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வயிற்றைப் பிடிக்க இரண்டு கை பத்தாது, அது வேறு விஷயம். மனைவி கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

வக்கீல் தீர்ப்புச் சொன்னார். "தளபதின்னா கவசம்தான் உயிர். அட்டையில ஜிகினா ஒட்டி என்னை ஏமாத்தக் கூடாது. கடைசி வரிசை நாற்காலியில உக்காந்து பார்த்தா நிஜ இரும்புன்னு நான் நம்பணும். அப்படி ஒரு கவசத்தை யாரு போட்டுக்கிட்டு வந்து என் முன்னால நிக்கிறாங்களோ, அவங்கதான் தளபதி. இதுல அப்பீல் கிடையாது."

மறுநாளே கேஷியர் தகர வேலைக்காரரிடம் ஓடினார். மார்புக்கு ஒரு தகடு, முதுகுக்கு ஒரு தகடு, தோளிலும் விலாவிலும் வார் வைத்துச் சேர்த்தால் கவசம். அளவு எடுத்தபோது டேப் ஒரு சுற்று வந்து சேருவதற்குள் தகர வேலைக்காரருக்கு மூச்சு வாங்கியது. "அண்ணே, தண்ணித் தொட்டிக்கு வாங்கி வச்ச தகடுதான் சரியா வரும்," என்றார். கேஷியர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்தார். வெள்ளி நிற ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினார். 'புஸ்ஸ்ஸ்' என்று அடித்துத் தள்ளினார். கவசம் பளபளத்தது. பால்கனிக் கம்பி பளபளத்தது. கேஷியரின் மீசையும் கொஞ்சம் பளபளத்தது.

"எப்படி?"

மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. பால் கேனுக்கு எதுக்குங்க வார் வச்சிருக்கீங்க?"

"பொறாமை! உனக்குப் பொறாமை!"

மறுநாள் காலையில் அதைத் தூக்கினால், வெங்காயத் தோல் மாதிரி பெயிண்ட் கையோடு உரிந்து வந்தது. கேஷியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைமுடியிலும் வெள்ளி ஏறியது.

"புதுத் தகடு வழவழன்னு எண்ணெய்ப் பசையோட இருக்கு. பெயிண்ட் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்?" என்றாள் மனைவி. "சோப்புத் தண்ணியில கழுவுங்க. உப்புத்தாள் போட்டு நல்லாத் தேயுங்க. முதல்ல பிரைமர் அடிச்சுக் காய விடுங்க. அப்புறம்தான் கலரு."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"டப்பா மேலேயே போட்டிருக்கே."

கேஷியர் தேய்த்தார். தோள் கழன்றுவிடும் போல வலிக்க வலிக்கத் தேய்த்தார். பிரைமர் அடித்தார். சாம்பல் நிறத்தில் அது கப்பென்று பிடித்துக்கொண்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், அசையவில்லை. அப்போதே பாதித் தளபதி ஆகிவிட்ட மிதப்பு வந்துவிட்டது.

"இங்க வா, இதைக் கொஞ்சம் மாட்டிக்கிட்டு நில்லு."

"நானா? எதுக்கு?"

"நான் மாட்டிக்கிட்டா நான் எப்படிப் பாக்கறது? தள்ளி நின்னு பார்த்தாத்தானே பெயிண்ட் எங்க எப்படி அடிக்கணும்னு தெரியும்!"

அந்த நியாயம் அவளுக்கும் பிடித்திருந்தது. மாட்டிக்கொண்டாள். பீப்பாய்க்குள் விழுந்தவள் மாதிரி இருந்தாள். உள்ளே இன்னொரு ஆளைக் குடிவைத்து வாடகை வாங்கலாம்.

"தொங்குதுங்க. அதுவும் எங்கயும் ஒரு அடி, ஒரு நசுங்கல் இல்ல. உங்க தளபதி சண்டைக்குப் போனாரா, விருந்துக்குப் போனாரா?"

கேஷியருக்குச் சுருக்கென்றது. அட, ஆமாம்! அடி வாங்காத கவசத்தை எவன் நிஜம் என்று நம்புவான்? மரச் சுத்தியலை எடுத்தார். இடது விலாவில் ஓங்கி ஒரு போடு. "இது ஈட்டி பட்ட இடம்!" வலது விலாவில் ஒரு போடு. "இது வாள் பட்ட இடம்!"

"இடுப்புப் பக்கம் ஒண்ணும் காணோமே?"

"இந்தா, கதாயுதம்!"

அடிக்க அடிக்க அவளை மாட்டச் சொல்லிப் பார்த்தார். அவளும் சலிக்காமல் மாட்டினாள், திரும்பினாள், நடந்தாள். "வார் தொளதொளன்னு இருக்குங்க, தகடு மேல வெளிச்சம் ஒழுங்கா விழல," என்றபோது வாரை வெட்டிக் குறுக்கிப் புது ஆணி அடித்தார். என்ன சொல்லுங்கள், கவசம் இப்போது ஆளோடு ஆளாக ஒட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது.

அதற்கப்புறம் கேஷியர் அடித்த பெயிண்ட் இருக்கிறதே, அதைச் சும்மா சொல்லக் கூடாது. முதலில் முழுக்கக் கறுப்பு. அது காய்ந்ததும், கை நீட்டுகிற தூரத்தில் நின்று வெள்ளியை மூச்சு விடுகிற மாதிரி லேசாக விட்டார். பள்ளத்தில் கறுப்பு தங்கியது, மேட்டில் வெள்ளி ஏறியது. கறுப்புப் பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, பழைய பனியனால் துடைத்தார். பாத்திரம் தேய்க்கிற பஞ்சில் பழுப்பைத் தொட்டு, ஆணிகளைச் சுற்றி ஒற்றி ஒற்றித் துரு ஏற்றினார். பென்சில் கரியை விரலால் ஓரங்களில் தேய்த்தார். கடைசியாகப் பளபளப்பை அடக்கும் வார்னிஷ். முடித்துவிட்டுப் பார்த்தால், பல போர் கண்ட இரும்பு ஒன்று பால்கனியில் வீற்றிருந்தது!

ஒவ்வொரு பூச்சுக்கும் மனைவிதான் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"சும்மா நின்னா போரடிக்குது. வசனம் சொல்லட்டுமா? தளபதி அசையும்போது கவசம் எப்படித் தெரியுதுன்னு நீங்களும் பாக்கலாம்."

"சொல்லு, சொல்லு. கொஞ்சம் இடது பக்கம் திரும்பிச் சொல்லு."

எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் அட்டைக் கவசத்துக்கு அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தவர், வெளியே வந்து இதைப் பார்த்தார். பல் வைத்தியரின் வாயே பிளந்துகொண்டது. "சார், இது எந்த மியூசியத்துல சுட்டது?" என்று கேட்டுவிட்டு, போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அன்று கேஷியர் தனக்கே ஒரு சல்யூட் வைத்துக்கொண்டார்.

தேர்வு நாள் வந்தது. கூடத்தில் குடியிருப்பே கூடியிருந்தது. மேடையில் வைத்த கவசத்தை வக்கீல் கடைசி நாற்காலியிலிருந்து பார்த்தார். எழுந்து வந்து தட்டிப் பார்த்தார். "யோவ், இரும்புய்யா!" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது.

"போட்டுக்கிட்டு வந்து நில்லுங்க. தளபதி நீங்கதான்."

கேஷியர் திரைக்குப் பின்னால் போனார். முன்தகடு வயிற்றின் பாதிவரை வந்தது. பின்தகடு முதுகோடு நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறே ஓடலாம். மூச்சை உள்ளே இழுத்தார். முகம்தான் சிவந்தது, வயிறு இருந்த இடத்தில் இருந்தது.

"ஏய், இங்க ஓடி வா! கவசம் சுருங்கிப்போச்சு!"

"தகரம் சுருங்குமாங்க? நீங்கதானே இந்தப் பக்கம் ஈட்டி, அந்தப் பக்கம் வாளுன்னு நசுக்கினீங்க?"

"ஐயய்யோ! சுத்தியல் எங்க? தட்டிப் பெருசாக்கிடலாம்!"

"தாராளமாத் தட்டுங்க," என்று அவளே சுத்தியலை எடுத்து நீட்டினாள். "ஆனா பெயிண்ட் பூரா வெடிச்சு உதிர்ந்துடும். அந்தத் துரு, அந்தப் பென்சில் கரி, எல்லாம் போயிடும். பரவாயில்லையா?"

கேஷியர் சுத்தியலை ஓங்கினார். கவசத்தைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை அடிக்க மனசு வருமா? கை தானாக இறங்கிவிட்டது.

"வேலைப்பாட்டையாவது நாலு பேர் பாக்கட்டும். நான் மாட்டிக்கிட்டுப் போய்க் காட்டட்டுமா?"

"காட்டு. ஆனா பெயிண்ட் அடிச்சது நான்னு சொல்லணும்."

சொன்னாள். கம்பீரமாக நடந்து போய், வக்கீல் முன்னால் நின்று, முதலில் அதைத்தான் சொன்னாள். அடுத்து, "எல்லையைத் தொட்டவன் எவனடா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். முன்வரிசைக் குழந்தை அழுதுவிட்டது. வக்கீல் எழுந்து நின்றே கைதட்டினார்.

"சார், அது என் கவசம்!" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேஷியர் கத்தினார்.

"யாரு போட்டுக்கிட்டு வந்து நிக்கிறதுன்னுதான் நான் கேட்டேன். யாரோடதுன்னு கேட்கலையே! கவலைப்படாதீங்க, உங்க உடம்புக்குன்னே ஒரு வேஷம் வச்சிருக்கேன்."

விழா அன்று கூடம் நிரம்பி வழிந்தது. தளபதி மேடையேறி, வெளிச்சம் அந்த இரும்பில் பட்டதும் கைதட்டல் அடங்கவே இல்லை. "என்னா கவசம்டா!" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது கேஷியர் காதில் தேனாகப் பாய்ந்தது. எதிரி அரசனாக வந்து, ஒரே வெட்டில் விழுந்து, மல்லாந்து கிடந்தார் அவர். அவர் வயிற்றின் மேல் ஒரு காலை ஊன்றித் தளபதி வெற்றி முழக்கம் செய்துகொண்டிருந்தாள். பெருமை தாங்காமல் கேஷியர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, தன் பெயிண்ட் எப்படி மின்னுகிறது என்று பார்த்தார்.

தளபதி உதடு அசையாமல் கீழே பார்த்துச் சொன்னாள்: "கண்ண மூடுங்க. நீங்க செத்து ரொம்ப நேரமாச்சு."