வீடாக மாறிய பள்ளிக்கூடம்

ஒரு நாடு முன்னேற வேண்டுமென்றால் அதன் குழந்தைகள் முறைப்படி விளையாட வேண்டும். எங்கள் பாலோ செகோ ஊரில் குழந்தைகள் முறையே இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த அவலம் எங்களுக்கே தெரியாது. தலைநகரத்திலிருந்து ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஊரில் ஒரே ஒரு பாலர் பள்ளி. நாலு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், அவர்களுக்கு எர்சீலியா டீச்சர். அரசாங்கம் கடைசியாக அனுப்பிய விளையாட்டுச் சாமான் ஒரு பந்து. அதையும் புயல் கொண்டுபோய்விட்டது. டீச்சர் அதற்காகக் கண்ணீர் விடவில்லை. என் மளிகைக் கடைக்கு வந்து, "எலாதியோ, தூக்கிப் போடுறது எதுவா இருந்தாலும் எனக்குக் குடுத்துடு" என்றாள். முட்டைத் தட்டு கம்பளிப்பூச்சி ஆயிற்று. மத்தி மீன் டப்பாவில் சோடா மூடிகளைச் சக்கரமாகக் கோத்தால் லாரி. தென்னை ஈர்க்கும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்தால் காற்றாடி. ஒற்றைக் காலுறைக்கு இரண்டு பொத்தான் தைத்தால் முதலை. அது பேசவும் பேசும். தரையில் அடுப்புக்கரியால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவார்கள். பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்கு வரவே மாட்டேனென்று அழுவார்கள். நாங்கள் அதைப் படிப்பு ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு சீமாட்டியின் ஜீப்புக்கு எங்கள் ஊரில் டயர் வெடித்தது. மெக்கானிக் ரமீரோ அதைக் கழற்றுவதற்குள் அந்தம்மா பள்ளிக்கூடத்தை எட்டிப்பார்த்து நாலைந்து படம் எடுத்துவிட்டார். அவ்வளவுதான். தலைநகரான சாந்தோ தொமிங்கோவில் அது பெரிய நாகரிகமாகிவிட்டது. மத்தி மீனை நாய்க்குப் போட்டுவிட்டு டப்பாவை மட்டும் பத்திரப்படுத்தும் வீடுகள் பெருகின. ஒற்றைக் காலுறை வேண்டுமென்று புதுச் சோடி வாங்கி ஒன்றை எறிந்தார்கள். குப்பையிலிருந்து பொம்மை செய்யச் சொல்லிக்கொடுக்க, குளிரூட்டிய அறையில் வகுப்புகள் நடந்தன. குப்பை மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது; உள்ளூர்க் குப்பையில் தரம் போதவில்லையாம்.

நாகரிகம் முற்றினால் சட்டமாகும். குழந்தைப் பருவ விளையாட்டு மேம்பாட்டு இயக்ககம் ஓர் ஆணை போட்டது. நாட்டிலுள்ள எல்லாப் பாலர் பள்ளிகளிலும் வீட்டில் செய்த பொம்மைகளே இருக்க வேண்டும். இல்லாத பள்ளிகள் மூடப்படும்.

ஆணையைப் படித்துவிட்டு நாங்கள் கைதட்டினோம். வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டத்துக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தோம் அல்லவா?

ஆய்வுக்கு வந்தவர் லிசென்சியாதோ அர்ஹெமீரோ. லிசென்சியாதோ என்பது படித்தவர்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பட்டம். அவர் தூக்கத்தில்கூட அதைக் கழற்றமாட்டார் போலிருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. என் கடையில் வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமி இறைச்சியும் சாப்பிட்டுவிட்டு, வாய் துடைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனார். பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க நானும் கூடப் போனேன்.

முட்டைத் தட்டுக் கம்பளிப்பூச்சியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க செஞ்சது?"

"இங்கதான் சார். இதே மேசையில" என்றாள் எர்சீலியா.

"இங்கன்னா?"

"பள்ளிக்கூடத்துல."

பேனாவை மூடினார். "அப்ப இது வீட்டில் செய்த பொம்மை இல்லையே."

"கடையில வாங்காததைத்தானே சார் எல்லாரும் அப்படிச் சொல்லுவாங்க?"

"எல்லாரும் ஆணை போடறதில்லையே டீச்சர்."

எர்சீலியா கம்பளிப்பூச்சியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பள்ளியை மூடினால் பிள்ளைகள் பக்கத்து ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போகவேண்டும், மலைப்பாதையில், ஒன்றின்மேல் ஒன்றாக. என் மகள் மிரேலிஸும் அதில் ஒருத்தி. அந்தப் பதற்றத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"சார், பள்ளிக்கூடத்தையே வீடுன்னு வச்சுக்கிட்டா என்ன?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். லிசென்சியாதோவின் முகம் சீரியல் பல்பு போட்டதுபோல் ஆயிற்று.

"வச்சுக்கலாமே! ஆனா வீடுன்னா சமையல் இருக்கணும், கட்டில் இருக்கணும், ஒரு ஆள் தூங்கணும்."

"யாரு தூங்கணும்?"

"அதுல இயக்ககம் தலையிடாது."

ரமீரோ வீட்டுக் கட்டிலை நாலு பேர் தூக்கி வந்தோம். டீச்சர் அதில் விறைப்பாகப் படுத்தாள். "கண்ணை மூடுங்க டீச்சர்... இன்னும் கொஞ்சம் இயல்பா" என்றார் லிசென்சியாதோ. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எப்போதும் டீச்சர்தான் அவர்களைத் தூங்கவைப்பாள். இன்று சுற்றி நின்று அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். காலுறை முதலை அவள் காதில் தாலாட்டுப் பாடியது. பாவம், உண்மையாகவே தூங்கிவிட்டாள். பள்ளிக்கூடம் அந்த நிமிடமே முறைப்படி வீடாயிற்று.

"சரி. வீட்டுல இந்த இருபத்திரண்டு பேர் யாரு? குடித்தனக்காரங்களா?"

"நாலு வயசுப் புள்ளைங்க சார்."

"வீட்டுல புள்ளைங்கன்னா அந்த வீட்டுப் புள்ளைங்கதான்." எழுதிக்கொண்டார்.

விஷயம் பரவியதும் அழகுநிலையம் நடத்தும் யொகாஸ்தா கையில் சீப்போடு ஓடி வந்தாள். அவள் பாதி வெட்டிவிட்ட தலை ஒன்று நிலையத்தில் காத்திருந்தது.

"என் புள்ளைய அவ புள்ளைன்னு எழுதுறதுக்கு நீ யாருய்யா? ஒம்பது மாசம் வாந்தி எடுத்தது நானு!"

"வாந்திக்கு அத்தாட்சி இருக்காம்மா?"

யொகாஸ்தா சீப்பை ஓங்கினாள். "கணக்குக்கு மட்டும்தான் யொகாஸ்தா, பள்ளிக்கூடம் பொழைக்கட்டும்" என்று எல்லோருமாகச் சமாதானம் சொல்லி அனுப்பினோம்.

எர்சீலியா கல்யாணம் செய்துகொள்ளாதவள், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அன்று மாலை கடையில் காபி குடித்தபடி என்னிடம் சொன்னாள்: "எங்கம்மா இருந்திருக்கணும் எலாதியோ. எனக்கு ஒண்ணுமே ஆகலையேன்னு அழுதுக்கிட்டே போய்ச் சேர்ந்தா. இப்ப பாரு, ஒரே மத்தியானத்துல இருபத்திரண்டு." சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கோ கொஞ்சம் இடறியது. நான் காபிக்கு இன்னும் சர்க்கரை போட்டேன்.

ஒரு வாரம் நிம்மதி. பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸம்மா மூச்சிரைக்க வந்தார்.

"யாரும்மா இங்க எர்சீலியா? ஒரே வருஷத்துல இருபத்திரண்டா! உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"எல்லாம் சுகப்பிரசவம்தான்" என்றாள் எர்சீலியா, பசை தடவிக்கொண்டே.

"அப்பா யாரு?"

"ஆளுக்கொரு அப்பா."

பொய்யே இல்லை. நர்ஸம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பை நிறையக் கொண்டுவந்திருந்த கருத்தடை உறைகளை மேசையில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். மறுநாள் பள்ளியில், மன்னிக்கவும், வீட்டில், பலூன் விளையாட்டு.

அந்த நர்ஸ் எழுதிய குறிப்பு மேலே போயிற்று. மேலேயிருந்து ஒரு கேள்வி கீழே வந்தது. நாலு வயதுப் பிள்ளைகள் பாலர் பள்ளிக்குப் போகவேண்டும் என்பது சட்டம். இந்தத் தாய் ஒன்றைக்கூட அனுப்பாததற்குக் காரணம் என்ன? லிசென்சியாதோ மறுபடி வந்தார். மறுபடி சலாமி.

"டீச்சர்... அதாவது அம்மா, புள்ளைங்கள ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல?"

"எங்க சார் இருக்கு பள்ளிக்கூடம்? நீங்க வர்றவரைக்கும் இதுதான் அது."

அவர் நெடுநேரம் யோசித்தார். யோசிக்கும்போது அவருக்குக் காது சிவக்கும். "ஊர்ல சும்மா கிடக்கிற கட்டடம் ஏதாச்சும்?" என்று கேட்டுவிட்டு அவரே பதிவேட்டைப் புரட்டிப்பார்த்தார். "இதோ இருக்கே! இருபத்திரண்டு வீட்டுல குழந்தைங்களே இல்ல. எல்லாம் இங்க வந்துடுச்சே. அந்த வீடுங்களையே பள்ளியா அறிவிச்சுடலாம். வீட்டுக்காரங்க கௌரவ ஆசிரியர்கள். சம்பளம் கிடையாது. வில்லை உண்டு."

அன்றுவரை எர்சீலியாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் மறுநாள் சட்டையில் வில்லை குத்திக்கொண்டோம். பிள்ளைகள் காலையில் எர்சீலியாவிடம் 'வீட்டுக்கு' வந்தார்கள். மத்தியானம் எங்களிடம் 'பள்ளிக்கு' போனார்கள். இரவு எங்களோடு தூங்குவது கூடுதல் வகுப்பு எனக் கருதப்பட்டது.

பள்ளி என்றால் பொம்மை செய்தாகவேண்டுமே. ரமீரோ மத்தி டப்பாவில் லாரி செய்தான். ஸ்பிரிங் வைத்தான், விளக்கு எரியவிட்டான், மூன்று தடவை பெயின்ட் அடித்தான். மகன் கையை நீட்டினால், "தொடாதடா, இன்னும் காயல" என்பான். காய்ந்த பிறகும் அதையே சொன்னான். யொகாஸ்தாவின் காலுறைப் பொம்மைக்கு அசல் சவுரிமுடி, ஒட்டு இமை, உதட்டுச் சாயம். அதன் தலை கலையும் என்று மகளைக் கிட்டவே விடவில்லை.

நான் இரண்டு தயிர்க் கோப்பையை நூலால் கட்டி டெலிபோன் செய்தேன். மிரேலிஸ் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, "அப்பா, கேக்குதா?" என்றாள்.

"கேக்குதுடா கண்ணு!"

"அப்ப ஏன் கத்துறீங்க?"

அன்று மத்தியானம் கடையைத் திறக்க மறந்துவிட்டேன். வாசலில் டோமினோ ஆட வந்தவர்கள் கதவைத் தட்டித் தட்டித் திட்டினார்கள். அவள் கோப்பையில் ரகசியம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடையாவது, ஒன்றாவது.

அடுத்த வாரம் ஆய்வு. ரமீரோ லாரியை மேலே துணி போர்த்தி எடுத்து வந்தான்.

"இது எங்க செஞ்சது?" என்றார் லிசென்சியாதோ.

"எங்க வீட்டுல சார்!" நெஞ்சை நிமிர்த்தினான்.

"வீடா? அதைத்தான் பள்ளின்னு அறிவிச்சாச்சே. அப்ப இது பள்ளியில் செய்த பொம்மை. செல்லாது."

இந்த இடத்தில் நாங்கள் அவரைத் தூக்கிக் கரும்பு லாரியில் போட்டு அனுப்பியிருக்கலாம். முன்பென்றால் போட்டிருப்போம். ஆனால் எல்லோர் நெஞ்சிலும் வில்லை இருந்தது. அது ஒரு மாதிரி கனக்கும். ரமீரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், என்னுது செல்லலன்னா பரவால்ல. யொகாஸ்தாவோடது செல்லுமா? அந்தப் பொம்மைக்குக் கண்ணு கோணல்" என்றான்.

"உன் லாரிக்குப் பிரேக் இருக்கான்னு பாருடா மொதல்ல!" என்றாள் அவள்.

"அதைத் தீர்மானிக்க ஒரு குழு வேணும்" என்றது ஒரு குரல். வருத்தத்துடன் சொல்கிறேன், என் குரல்தான்.

குழு அன்றே அமைந்தது. பெற்றவர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். காலுறைப் பொம்மையின் கண்ணுக்கு அளவு, காற்றாடி வாலுக்கு நீளம், கம்பளிப்பூச்சிக்கு எத்தனை மேடு இருக்கலாம் என்பதெல்லாம் விவாதிக்கப்பட்டன. வீடா, பள்ளியா என்ற சிக்கலுக்கும் வழி பிறந்தது: இரண்டுக்கும் நடுவே, வாசற்படியில் உட்கார்ந்து செய்தால் செல்லும். எர்சீலியா ஒருமுறை எழுந்து, "புள்ளைங்களுக்கு எது புடிக்குதுன்னு கேட்டுப் பார்க்கலாமே" என்றாள். அவள் ஒரு வீட்டின் தாய் மட்டுமே, ஆசிரியர் அல்ல என்பதால் பேச உரிமையில்லை என்று குறிப்பிடப்பட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கடைசியில், செய்த பொம்மைகள் பழுதாகிவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் நகர்மன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் அவற்றைத் தொடக்கூடாதென்றும் தீர்மானம் வந்தது. ரமீரோ முன்மொழிந்தான். நான் வழிமொழிந்தேன். ஒரு கைகூட எதிர்த்து உயரவில்லை. லிசென்சியாதோவின் கண் கலங்கிவிட்டது.

"எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன். எல்லா இடத்துலயும் கல்லெடுத்து அடிச்சாங்க. இங்கதான் ஒத்துழைச்சீங்க" என்றார்.

கூட்டம் முடிந்து மிரேலிஸைத் தேடிப் போனேன். பாதாம் மரத்தடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் இலையோ கல்லோ இருந்தது. நடுவில் எர்சீலியாவும் ஓர் இலையோடு நின்றாள்.

"இது எங்க முளைச்சது?" என்றாள் மிரேலிஸ்.

"மரத்துல" என்றான் ரமீரோ மகன்.

"செல்லாது! பின்னாடி போய் நில்லு."

அவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு கடைசிக்கு ஓடினான்.

"என்ன டீச்சர் இது?"

"ஆபீஸ் விளையாட்டாம். அவங்களே கண்டுபிடிச்சது. சாமானே வேணாம், ஆள் இருந்தா போதும்."

"யாரு ஜெயிப்பா?"

"யாரும் ஜெயிக்க முடியாது."

"அப்புறம் எப்ப முடியும்?"

"அவளுக்குப் பசிச்சா."

பேசிக்கொண்டே நானும் வரிசையின் வாலில் நின்றுவிட்டிருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ வந்து நின்றதை உணர்ந்தேன். யொகாஸ்தா. "இங்க என்ன குடுக்குறாங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "எதுவா இருந்தா என்ன, வந்ததுக்கு வாங்கிட்டுப் போவோம்" என்று தன் சவுரியைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் ரமீரோ வந்தான். பிறகு டோமினோ ஆடுகிறவர்கள், நாற்காலியோடு. சற்றுத் தள்ளி லிசென்சியாதோ வந்து, வரிசையைத் தலை முதல் வால் வரை பார்த்துவிட்டு, மரியாதையாகக் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

முன்னால் போகிறவனைத் தள்ளாதே என்று இரண்டு சண்டை நடந்தது. இடம் பிடித்து வைத்த ஒரு செருப்பை யாரோ உதைத்துவிட்டார்கள். வெயில் சாய்ந்தது.

அந்தக் களேபரத்தில் மிரேலிஸுக்கு எப்போது பசித்ததோ தெரியாது. எர்சீலியா பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு எப்போது போனாளோ, அதுவும் தெரியாது. மரத்தடியில் பெயின்ட் டப்பா மட்டும் கவிழ்ந்து கிடந்தது. இப்போது வரிசையில் நான்தான் முதலில் நின்றேன்.

"என்னய்யா நிக்கிற, முன்னாடி நகரு" என்றாள் யொகாஸ்தா முதுகில் குத்தி.

நகர்ந்தேன்.