முன்னறையில் வெந்த மெக்சிகோ பயறு

கல்ஃபில் இருந்து லீவில் வருகிறவன் ஏதாவது ஒரு மெஷின் கொண்டுவராவிட்டால் எங்கள் பாறசாலைப் பக்கத்தில் அவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். டேப்ரிக்கார்டர், மிக்சி, இஸ்திரிப்பெட்டி, எதுவானாலும் சரி, அதில் ஒரு வயரும் பிளக்கும் இருந்தாக வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் சவூதியில் இருந்து முதல் லீவுக்கு வந்தபோது நான் கொண்டுவந்தது ஒரு பானை. வயர் உள்ள பானைதான். ஆனாலும் பானையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“எலே, இஞ்ச பானைக்கா பஞ்சம்? அந்த எடத்துல ரெண்டு கம்பிளி கொண்டு வந்திருக்கலாம்லா” என்றாள். (எங்கள் ஊரில் கம்பளி போர்த்துகிற குளிர் இன்றுவரை அடித்ததில்லை.)

அதன் பெயர் ஸ்லோ குக்கர். வெளியே ஒரு தகரக் கூடு, உள்ளே கனமான பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி. நான் வேலை பார்த்த கேம்ப் சமையலறையில் மிகேல் என்ற மெக்சிகோக்காரர் தலைமைச் சமையல்காரராக இருந்தார். அவருக்கு நான் வெங்காயம் உரித்துக் கொடுக்க ஆரம்பித்து, பிறகு பயறு வேகவைக்கிற அளவுக்குப் பதவி உயர்வு பெற்றேன். பின்டோ பீன்ஸ் என்று ஒரு பயறு. உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி. அதை ஊறப்போட்டு, வெங்காயம், பூண்டு, மிளகாய், சீரகம், ஏதோ ஒரு வாசனை இலை எல்லாம் சேர்த்து அந்தப் பானையில் காலையில் வைத்துவிட்டால் சாயங்காலம் வெண்ணெய் மாதிரி வெந்திருக்கும். நடுவில் கிண்டவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். மிகேல் ஊருக்குப் போகும்போது பானையையும் ஒரு பை பயறையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த லீவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் சுஜா, நெய்யாற்றின்கரைக்குக் கொஞ்சம் இப்பால். அவளுடைய அப்பா ராஜய்யன் சார் கரண்டாபீசில் ஓவர்சியர். பெண் பார்க்கப் போன இடத்தில் எங்களுக்குப் பேசக் கிடைத்தது வாழைக்கன்று ஓரமாக இரண்டு நிமிடம். அதில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“உள்ளதாட்டு சமைக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

“நல்லதாப் போச்சு. எனக்குத் தெரியாது.”

அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். வேறு பெண்ணைப் பார்ப்பதில்லை என்று பஸ் ஏறும் முன்பே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவளுடைய அப்பா முடிவு செய்யவில்லை. “பையன் நல்லவன்தான். ஆனாலும் குசினிப் பணிலா” என்று தரகரிடம் இழுத்திருக்கிறார். “வீடு காண வாறோம். அப்பம் பாத்துக்கலாம்.”

வீடு காணுதல் என்றால் எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. பெண் வீட்டார் பத்துப் பேர் வெள்ளை வேட்டியில் வந்து கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்கள். பதில் பிறகுதான் வரும். வரவில்லை என்றால் அதுதான் பதில்.

குசினிப் பணி என்றால் என்ன என்று ராஜய்யன் சாரின் நாக்குக்கே காட்டிவிடுவது என்று நான் தீர்மானித்தேன். கோழிக்கறியும் மீன்கறியும் அம்மா வைப்பாள். நடுநாயகமாக என் மெக்சிகோ பயறு.

வெள்ளோட்டம் மூன்று முறை நடந்தது. வாசனை இலைக்கு வெள்ளறடைச் சந்தை வரை போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் கிணற்றடியில் நின்ற பனிக்கூர்க்கையை, வெளியூர்க்காரர்களுக்குக் கற்பூரவள்ளியை, பறித்தேன். மணம் ஏறக்குறைய அதேதான். “பிள்ளையளுக்கு சளி புடிச்சா குடுக்குத எலையாக்கும் அது. வாறவங்களுக்கு என்ன தொண்டைக்கட்டா?” என்று அம்மா கேட்டாள். மிளகாய்க்குக் காந்தாரி. அடுக்களையில் ஒரு பல்பைத் தவிர வேறு மின்சாரம் கிடையாது என்பதால் பானையை முன்னறை மேசையில், டிவிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதாயிற்று. மூன்று முறையும் காலையில் வைத்த பயறு இருட்டுகிற நேரத்துக்குப் பதமாக வெந்தது. மூன்றாவது முறை அம்மாவே இரண்டு கரண்டி கூடுதல் போட்டுக்கொண்டாள். “தீயும் இல்ல, புகையும் இல்ல. இருந்தும் வெந்துருக்கு” என்று பானையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

இங்கே எங்கள் வீட்டு மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனில் கடைசி வீடு எங்களுடையது. ஊரெல்லாம் உறிஞ்சியது போக மிச்சம் இருப்பதுதான் எங்களுக்கு வரும். டியூப் லைட் கண் சிமிட்டுமே தவிர எரியாது. ஃபேன் சுற்றும்போது அதன் இறக்கைகளை எண்ணலாம். பல்பு எரிகிறதா என்று பார்க்க டார்ச் அடிக்க வேண்டும் என்று அப்பா இருந்த காலத்தில் சொல்வார்.

வீடு காண வருகிற தினத்துக்கு முந்தின நாள் முழுக்க அந்த மிச்சமும் இல்லை. எங்கோ லைனில் வேலை என்றார்கள். நான் ஊறப்போட்ட பயறைப் பார்த்துப் பார்த்து ஜெபம் செய்தேன். ஜெபம் கேட்கப்பட்டது. மறுநாள் விடியும்போது கரண்டு வந்தது. வந்தது என்றால், எங்கள் வீட்டுக்குள் அப்படி ஒரு வெளிச்சத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. ஃபேன் சுற்றிய வேகத்தில் சுவர்க் காலண்டர் சடசடவென்று அடித்தது. ஒட்டடை அடித்தும் போகாத ஒட்டடை எல்லாம் தெரிந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, மதியத்துக்குள் வேக வேண்டும் என்று குமிழைக் கூடுதல் சூட்டில் திருப்பிவிட்டு, வாழையிலை வாங்கக் கிளம்பினேன். (பார்க்க வேண்டாத பானை அல்லவா, ஆகவே பார்க்கவில்லை.)

நான் இலைக்கட்டோடு திரும்பியபோது அவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னறையில் சமையல் நடப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து அம்மா பானையை ஒரு பாலராமபுரம் துண்டால் மூடியிருந்தாள். துண்டின் சரிகைக் கரை அழகாகத் தொங்கியது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் சுஜாவின் பெரியப்பா. எதிரே ராஜய்யன் சார், வந்ததில் இருந்தே பல்பையும் ஃபேனையும் பார்த்துக்கொண்டு திருப்தியாக இருந்தார்.

“லைட்டெல்லாம் நல்லா எரியுதா?” என்று கேட்டார்.

“இண்ணைக்கு நல்லா எரியுது சார்” என்றேன்.

“எரியும்” என்றார்.

அப்போது துண்டுக்குள் இருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது.

“ரேடியோவா?” என்றார் பெரியப்பா.

நான் பதில் சொல்வதற்குள் துண்டில் இருந்து ஆவி கிளம்பியது. மூடி குதித்தது. பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று சரிகைக் கரை வழியாக இறங்கி, மேசையைக் கடந்து, பெரியப்பாவின் வேட்டியில் சொட்டியது. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அறை முழுக்க அடிப்பிடித்த வாசனை. கேம்பில் நூறு பேருக்கு மேல் சமைத்துப் போட்டவன், நெருக்கடியில் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்தவன், நான் என்ன செய்தேன்? துண்டையும் மூடியையும் தூக்கி எறிந்துவிட்டு, விருந்தாளிகளுக்காக வைத்திருந்த செம்புத் தண்ணீரை எடுத்துக் கொதிக்கிற பானையில் ஊற்றினேன்.

டக் என்று ஒரு சத்தம். பீங்கானில் நெடுக ஒரு கீறல். அதன் வழியாகச் சாறு கூட்டுக்குள் இறங்கியது. நீலமாக ஒரு பொறி. ஃபேன் நின்றது. அந்த அமைதியில் காலண்டர்கூட அடிக்கவில்லை. வாசலில் நின்ற அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். குசினிப் பணியின் மரியாதை பெரியப்பாவின் வேட்டியில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. வாழைக்கன்று ஓரத்து இரண்டு நிமிடம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. (புகை என்று பின்னால் சொல்லிக்கொண்டேன்.)

முதலில் அசைந்தது ராஜய்யன் சார்தான். பிளக்கைப் பிடுங்கினார். அம்மாவிடம் ஒரு பாத்திரம் வாங்கி, மேலாக இருந்த பயறை அதில் அள்ளி வைத்தார். பிறகு பீங்கானை வெளியே எடுத்து வைத்து, தகரக் கூட்டைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியில் இருந்ததை வாசித்தார்.

“மக்கா, இது நூத்திப்பத்து வோல்ட்டுக்கு உள்ளதுலா. நம்ம எடத்துல இருநூத்தி முப்பதாக்கும்.”

“மூணு தடவ இதுலதான் வச்சேன் சார். ஒரு குத்தமும் இல்லாம வெந்துது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பல்பைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்துப் பின்வாங்கினேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வேவும். பழைய லைன்ல இஞ்ச நூத்திப்பத்துதானே வந்துருக்கும்” என்றார். “எம்பிள்ள வந்து கேறுத வீடு இருட்டாட்டு கெடக்குண்ணு தரகர் சொன்னாரு. இந்த ஊருக்கு டிரான்ஸ்பார்மர் பாஸாகி ஒரு வருசமாட்டு குடோன்ல கெடக்கு. பொறத்தால நடந்து நானாக்கும் நேத்து மாத்த வச்சேன்.”

அப்படியானால் வீட்டைக் காண வருவதற்கு முன்பே மகளை இந்த வீட்டுக்கு அனுப்ப நினைத்துவிட்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அம்மாவுக்கு உறைத்தது. அவள் திரும்பி அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கம்பக்கத்தார் இன்றும் நம்புவதில்லை. வீடு காண வந்த பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு ஸ்டூலில் ஏறி, ஃபியூஸ் கட்டினார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நான். ஃபேன் மறுபடி சுற்றியதும் இறங்கிக் கை கழுவி, “இலை போடலாம்” என்றார்.

பந்தியில் அம்மா கோழிக்கறியோடு வந்தாள். அவர் கையால் மறித்தார். “அந்தப் பயறக் கொண்டா மக்கா.”

“வேண்டாம் சார். தீஞ்சு போச்சு.”

“நான் குடுத்த கரண்டுலதானே தீஞ்சுது. நான்தான் தின்னணும்.”

மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அதன் மேல் பயறை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். காந்தாரி ஒன்று கடிபட்டிருக்க வேண்டும், காது சிவந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். பெரியப்பா கறை வேட்டியோடு கொஞ்சம் வாங்கி, பிறகு இன்னும் கொஞ்சம் வாங்கினார். இலையை மடக்கும்போது ராஜய்யன் சார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சமையக்காரன் கொள்ளாம். கரண்டுதான் மோசம்.”

வீடு காண வந்தவர்கள் பதிலை அங்கேயே, இலைக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனது எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அடுத்த லீவில் கல்யாணம். சுஜா சொன்னது பொய்யில்லை, அவளுக்கு உண்மையாகவே சமைக்கத் தெரியாது. இன்றுவரை எங்கள் வீட்டில் அடுப்பு என் பொறுப்பு. ஏதாவது கொஞ்சம் அடிப்பிடித்தாலும் போதும், உள்ளே இருந்து அவள் குரல் வரும்: “அப்பா வோல்ட்டேஜ் கூட்டிட்டாரு.” கீறல் விழுந்த பீங்கான் பானையில் பனிக்கூர்க்கை நட்டிருக்கிறோம். தண்ணீர் தானாக வடிந்துவிடுவதால் அழுகாமல் நன்றாக வளர்கிறது.

நான் பலருக்கு நன்றி சொல்ல வேண்டியவன். மிகேலுக்கு, அம்மாவுக்கு, ஓர் ஊர் முழுக்க உறிஞ்சிக்கொண்ட அந்தப் பழைய மின்சாரத்துக்குக்கூட. ஆனால் எல்லோருக்கும் மேலாக, கருகிய பயறை என் முகத்துக்காக இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்ட மாமாவுக்கு. இதை அவரிடம் ஒரு முறை சொல்லப் போனேன். “போலே, நல்லாத்தான் இருந்துது” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

போன வருடம் எங்கள் மகளுக்காக ஒரு வீடு காணப் போனோம். மாமாவுக்கு இப்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆனாலும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பையனின் அப்பா நிலம், வேலை, படிப்பு என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். மாமா அதில் ஒன்றையும் காதில் வாங்காமல் அண்ணாந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டார்.

“மக்கா, பயறு வேவிக்கத் தெரியுமா?”