தையலே இல்லாத ஸ்வெட்டர்

யூடியூபில் ஒரு தடவை பார்த்துவிட்டால் எதையும் செய்துவிடலாம் என்று நம்பும் ரகம் நான். வருஷம் முழுக்க வியர்த்து வழியும் போர்ட் பிளேரில் உட்கார்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னக் கிளம்பியதும் அந்த நம்பிக்கையில்தான்.

என் நாத்தனார் கவிதா, எட்டு மாதக் குழந்தை ஆதியோடு டெல்லியிலிருந்து போர்ட் பிளேர் ஷாதிபூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்கள் திரும்பும்போது அங்கே டிசம்பர் குளிர்.

"கடையில வாங்காதே. தையலே இல்லாம நானே பின்னித் தர்றேன்" என்று அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.)

கழுத்தில் ஆரம்பித்து வட்டமாகவே கீழே பின்னிக்கொண்டு போக வேண்டும். துண்டு துண்டாகச் சேர்த்துத் தைக்கும் வேலையே கிடையாது. மார்பளவு, கையளவு எல்லாம் எடுத்தேன். தலையளவு? ஸ்வெட்டரைத் தலையிலா போடப் போகிறான் என்று விட்டுவிட்டேன். கழுத்துக் கண்ணிகள் அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவற்றை இறுக்கி இறுக்கிப் போட்டேன்.

அவர்கள் கிளம்பும் நாள் காலையில்தான் ஸ்வெட்டர் முடிந்தது. ஏர்போர்ட் வாசலில், "ஒரு போட்டோ எடுத்துடலாம்" என்று குழந்தைக்கு மாட்டினேன். கழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மூக்குக்கு மேலே வந்து நின்றுவிட்டது. கீழே இறங்கவில்லை, மேலே இழுத்தால் காது மாட்டியது. ஆதி போட்ட கூச்சலில் பிளேன் சத்தமே கேட்கவில்லை.

"அண்ணி, கழட்டுங்க அண்ணி!"

"கழட்டத்தாண்டி பாக்குறேன்!"

"தையலைப் பிரிச்சு விடேன்" என்றார் என் கணவர்.

"தையலே இல்லைங்க!" (அதுவரை இதை நான் பெருமையாகத்தான் சொல்லி வந்திருந்தேன்.)

வாசலில் நின்ற ஜவானிடம் கத்தரி கேட்டேன். "ஏர்போர்ட் மே கைஞ்சீ?" ஏர்போர்ட்டில் கத்தரியா என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் எதிர்ப்புறத்து இளநீர்க்காரர், "ஹடோ, ஹடோ, மை காட்தா ஹூன்!" (நகருங்க, நான் வெட்டுறேன்!) என்று அரிவாளோடு ஓடி வந்தார். கவிதா அலறிய அலறலில் குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டான். மனிதர் அரிவாளைக் கீழே வைத்து, இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். கம்பளிக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலைக் கொடுத்து ஒரே கீறல். வெளியே வந்த ஆதி, அவரைப் பார்த்துச் சிரித்தான். என்னைப் பார்த்து மறுபடி அழுதான்.

பிளேனைப் பிடித்துவிட்டார்கள். ஆதி டெல்லியில் இறங்கியது அம்மாவின் சால்வைக்குள்.

இப்போது அவன் மூன்றாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு நான் எந்தத் துணி அனுப்பினாலும் போன் வந்துவிடும்:

"அத்தை, முன்னாடி பட்டன் இருக்கா? இல்ல, இளநீர் அங்கிளையும் சேர்த்து அனுப்பியிருக்கீங்களா?"