கரண்ட் சைக்கிளும் ரெனால்டின் மீசையும்

மோட்டார் சுற்றியது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்பக்கமாகச் சுற்றியது என்பதுதான் பிரச்சினை.

கொட்டாஞ்சேனை வீட்டின் முன்அறையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து ஒஸ்வால்ட் கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெடல் சுற்றினால் மோட்டார் துணைக்கு வரும், அதுதான் ஏற்பாடு. வந்தது. முன்சில்லு எதிர்ப்பக்கம் சுழன்று ஜன்னல் திரைச்சீலையைக் கவ்வி இழுத்தது.

"ஐயோ மாதாவே, என்ட கேர்ட்டின்!" என்று மனைவி றோஸி குசினியிலிருந்து ஓடிவந்தார்.

ஒஸ்வால்ட் பிரேக்கைத் தொட்டார். மோட்டார் அந்தக் கணமே அடங்கியது.

"பாத்தீரா? பிரேக்கில விரல் பட்டாப் போதும், கரண்ட் தானா நிண்டிடும். எவ்வளவு சேஃப்!"

"பின்னுக்குப் போற சைக்கிளுக்கு சேஃப் என்னத்துக்கு?"

இரண்டு வயர்களை இடம் மாற்றியதும் சில்லு முன்பக்கம் சுற்றியது. ஒஸ்வால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. புதுக்கடையில் ஒரு வக்கீலிடம் முப்பது வருடமாகக் கிளார்க் வேலை பார்க்கும் மனிதர். குண்டூசி தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாத கை, மூன்று மாதம் வயரோடும் பெட்டரியோடும் மல்லுக்கட்டி இதைச் செய்திருக்கிறது. சும்மாவா!

அதோடு, வெள்ளவத்தையில் இருக்கும் மச்சான் ரெனால்டின் மீசை விஷயமும் இருந்தது.

"அத்தான், நீங்க செய்த சைக்கிளில சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு வந்து சேந்தா, நான் மீசையை வழிக்கிறன். வராட்டி சைக்கிள் பழைய இரும்புக்காரனுக்கு. சம்மதமோ?" என்று ரெனால்ட் போனில் சிரித்திருந்தான். இருபத்தைந்து வருடம் எண்ணெய் பூசி வளர்த்த மீசை அது.

"சம்மதம். பிளேட்டை வாங்கி வையும்," என்றார் ஒஸ்வால்ட்.

தெருவில் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று காலைத் தூக்கியவரை றோஸி மறித்தார்.

"மந்திரிக்காமல் எந்த வாகனமும் இந்த வீட்டை விட்டு றோட்டில இறங்கினதில்லை. பிள்ளையிட தள்ளுவண்டிலைக் கூட மந்திரிச்சுத்தான் எடுத்தனாங்க."

ஆகவே செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்கு ஒஸ்வால்ட் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். பாதர் தீர்த்தம் தெளித்தபோது பெட்டரிக்கு மேலே குடையைப் பிடித்தார். பாதர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடைக்கும் சேர்த்துத் தெளித்தார். றோஸி மந்திரித்த செபமாலையை ஹேண்டிலில் கட்டினார். வழியில் கழன்று விழுந்தால் கூடாதே என்று, கைபிடியையும் பிரேக்கையும் சேர்த்து ஐந்து சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

பிறகுதான் ஒஸ்வால்ட் முதன்முதலாக ஏறி மிதித்தார். கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது.

"மோட்டார் புதுசெல்லோ, இளகோணும்," என்றார்.

புதன்கிழமை புதுக்கடை ஏற்றத்தில் நாக்கு வெளியே வந்துவிட்டது. கந்தோர் வாசலில் சக கிளார்க் டெரிக் கேட்டார்: "கரண்ட் சைக்கிள் எண்டீங்க, பிறகேன் இப்பிடி இளைக்குது?"

"மேட்டில மோட்டாருக்கும் கஷ்டம்தானே," என்று மூச்சு வாங்கியபடி மோட்டாருக்காகப் பரிந்து பேசினார் ஒஸ்வால்ட்.

சக்தி போதவில்லை போலும் என்று வியாழக்கிழமை இரண்டாவது பெட்டரி ஒன்றைப் பூட்டினார். இன்னும் பாரமாகியது. இரண்டும் மழையில் நனைந்தால் என்ன ஆவது என்று வெள்ளிக்கிழமை இரும்புப் பெட்டி ஒன்று அடித்துப் பூட்டினார். இப்போது சைக்கிளைச் சுவரில் சாய்த்தால் சுவர் சாயும் போலிருந்தது.

ஆனால் ஒரு விஷயம் அவர் நெஞ்சை நிமிர்த்தியது. பெட்டரி மீற்றரில் நாலு கோடு. முதல்நாளும் நாலு, இன்றும் நாலு.

"டெரிக், நாலு நாளா ஒருக்காலும் சார்ஜ் போடேல்லை! ஒரு கோடு கூட இறங்கேல்லை!"

பக்கத்துக் கந்தோர்க் கிளார்க்குகள் எல்லாம் வந்து மீற்றரைப் பார்த்தார்கள். அவருடைய வக்கீலே கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஒஸ்வால்ட், எனக்கும் ஒண்டு செய்து தாருமன்," என்றார். முப்பது வருடத்தில் அவர் கெஞ்சிக் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

சனிக்கிழமை காலை றோஸி கேக் பெட்டியோடு திரீவீலில் ஏறினார். ஒஸ்வால்ட் செபமாலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மிதித்தார். காலிமுகத்திடலில் கடற்காற்று முகத்தில் அடித்தது. கொள்ளுப்பிட்டியில் தொடை நெருப்பாய் எரிந்தது. இறங்கி உருட்டலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. உருட்டினால் இரும்புக்காரன்! பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

பம்பலப்பிட்டிச் சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்: "மே மொகத, அங்கிள்?"

"கரண்ட் பைசிகல், சேர். மமமயி ஹெதுவே!" நானே செய்தது என்பதை அவர் சொன்ன சத்தத்தில் பக்கத்தில் நின்ற பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மணி பத்து நிமிடத்தில் வெள்ளவத்தை. ரெனால்டின் கேட் வாசலில் இறங்கியபோது கால் இரண்டும் தந்தி அடித்தன, சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். ஆனாலும் இராசா மாதிரித்தான் நின்றார். வாசலில் காத்திருந்த றோஸியின் முகத்தில் பெருமை வழிந்தது.

"என்ட மனுசன் சொன்னா செய்வார்!"

ரெனால்ட் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மீற்றரில் நாலு கோடு. இதற்கு மேல் என்ன பேச? உள்ளே போனான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தவனைக் கண்டு அவன் மனைவி யூஜினா, "ஆர் வேணும் உங்களுக்கு?" என்று கேட்கப் போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மர்ஸூக் வந்தார். மோட்டார் திருத்துகிறவர்.

"ஒஸ்வால்ட் அண்ணன், ஒரு ரவுண்ட் போய்ப் பாக்கவா?"

"தாராளமா! ஆனா நல்லா அழுத்தி மிதிக்கோணும், என்ன."

மர்ஸூக் ஏறப் போனவர் செபமாலையைக் கண்டு நின்றார். "என்ட கையெல்லாம் கிரீஸ். மந்திரிச்ச சாமான், இத எடுத்து வச்சிருங்க தங்கச்சி."

றோஸி சுற்றுச் சுற்றாக அவிழ்த்து எடுத்தார். மர்ஸூக் ஏறி உட்கார்ந்து அழுத்தி ஒரு மிதி மிதித்தார்.

அவ்வளவுதான். சைக்கிள் சீறிப் பாய்ந்தது. மர்ஸூக்கின் ஒரு செருப்பு இங்கே கிடந்தது. அவரும் மற்றச் செருப்பும் எதிர்வீட்டுப் பூச்சாடிகளுக்கு நடுவில் கிடந்தார்கள்.

எல்லோரும் ஓடினார்கள். ஒஸ்வால்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். இந்த வேகத்தை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

"அடிபட்டுதோ? மோட்டாரில ஏதும் பிழையோ?" என்று ரெனால்ட் வழக்கம்போல் மீசையை முறுக்கப் போய், வெறும் உதட்டைத் தடவினான்.

மர்ஸூக் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். பிரேக்கை ஒருதரம் அழுத்திப் பார்த்தார். றோஸியின் கையிலிருந்த செபமாலையைப் பார்த்தார். கடைசியாக ஒஸ்வால்டின் கால்களை மேலும் கீழும் பார்த்தார்.

"மோட்டார்ல ஒரு பிழையும் இல்ல. அந்த மால பிரேக்க இழுத்துப் புடிச்சுக் கரண்ட நிப்பாட்டிட்டே இருந்திருக்கு, இப்பதான் இது மொதத் தடவையா கரண்ட்ல ஓடினிச்சு. கொட்டாஞ்சேனேலேந்து இவ்வளவு பாரத்தையும் ஏத்திக்கிட்டு, அண்ணன் தன்ட சொந்தக் காலாலதான் வந்து சேந்திருக்கார்!"