ஆளுக்கொரு அலை

காலையில் டேப் ரெக்கார்டரின் ஒலியை ஒரு மயிரிழை குறைத்துவிட்டு அவர் மனைவியிடம் கேட்டார்: "இப்ப கேக்குதா?"

"கேக்கவே இல்ல."

"அப்ப சரியா இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். தெருமுனையில் நெஞ்சுவலி வழிமறித்தது. பாலும் வரவில்லை, அவரும் வரவில்லை. புல்லாங்குழல் மட்டும் டேப்பின் அந்தப் பக்கம் முடியும்வரை ஓடிவிட்டுத் தானாக நின்றது.

அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். வீட்டு மேசையிலேதான் வேலை. காலையில் புல்லாங்குழல், மதியம் வீணை, பொழுது சாய்ந்தால் ஒன்றும் கிடையாது. பாட்டுக்கு மட்டும் தடை. "வார்த்தை வந்தா மூளை அது பின்னாலேயே போயிடும்" என்பார். அதே மேசையின் மறுபக்கத்தில் அவர் மனைவி அச்சகத்துப் புரூஃப்களைத் திருத்துவாள். கமா ஒன்று காணாமல் போனால் சொந்தப் பிள்ளை காணாமல் போனதுபோலத் தேடுவாள். அதனால் அச்சகத்தில் அவளுக்குக் 'கமா அக்கா' என்றே பெயர்.

அவர் போனபிறகு பிழைகள் அவளுக்குத் தண்ணி காட்ட ஆரம்பித்தன. ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் தலைவர் படத்துக்குக் கீழே, பக்கத்திலிருந்த பம்புசெட் படத்தின் விளக்கம் போய் உட்கார்ந்துகொண்டது: 'சத்தமில்லாமல் உறிஞ்சும்.' அப்படியே அச்சாகிவிட்டது. பங்குதாரர்கள் யாரும் அதைப் பிழை என்று நினைக்கவில்லை. தலைவர் நினைத்தார்.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, உங்களைத் திட்ட மனசு வரல. பேசாம அலை ஆசானைப் போய்ப் பாருங்க."

அலை ஆசானைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் தூங்குகிறவர்கள் மட்டும்தான். பிறந்த நேரத்தைச் சொன்னால் போதும். கண்ணை மூடி, காற்றில் கையை அளைந்து, அந்த நேரத்துக்கென்றே பிரபஞ்சத்தில் மிதக்கும் இசை அலையைப் பிடித்து, உள்ளங்கை அளவுப் பெட்டியில் அடைத்துத் தருவார். காதுக்குழாயை மாட்டிக்கொண்டு வேலை செய்தால் கவனம் ஆணி அடித்தாற்போல் நிற்குமாம். பரீட்சை எழுதுகிறவர்கள், கணக்குப் பிள்ளைகள், பஸ் ஓட்டுகிறவர்கள் என்று வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. பிரபஞ்சம் பாவம், மூச்சு விடாமல் அலைகளை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தது.

நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒருவர் அலை இன்னொருவர் காதில் விழக்கூடாது. விழுந்தால் இருவர் புத்தியும் இடம் மாறிவிடும்.

ஆசான் கமா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல செத்தவர் கேட்ட இசை இருக்கா?"

"டேப்புங்க இருக்கு, ஐயா."

"அதான்! செத்தவர் கேட்ட இசை, இருக்கறவங்க கவனத்தை உறிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு எல்லாத்தையும் கொண்டு வாங்க. தண்ணியில முக்கிக் கரைச்சிடலாம்."

அவளுக்குக் கொடுக்க மனசில்லை. ஆனால் பம்புசெட்டும் கண்முன் நின்றது. தலையாட்டினாள்.

மறுநாள் முதலாளி அச்சகத்தில் எல்லோருக்கும் பெட்டி வாங்கித் தந்துவிட்டார். மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினார்கள். கமா அக்கா காதில் ஏதோ தந்தி வாத்தியம் இழைந்தது. நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் வாசித்தவரின் விரல் வழுக்கி, தந்தி 'டங்' என்று அலறியது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

எதிரே டைப் அடிக்கிறவர் நிமிர்ந்தார். பைண்டர் நிமிர்ந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளியின் வழுக்கைத் தலையும் நிமிர்ந்தது. பிறகு எல்லாத் தலைகளும் பக்தியோடு குனிந்தன.

காலமெல்லாம் அவள் செய்த வேலை ஒன்றுதான்: ஒரு பிரதியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பது. தனியாகப் பார்த்தால் எந்தத் தாளும் யோக்கியமாகத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் பெரிய தண்ணீர்த் தொட்டி. ஆசான் கையை நீட்டினார். "டேப்பைக் குடும்மா."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தர்றேன் ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். எல்லாரும் பெட்டியில இருக்கற காதுக்குழாயைப் பிடுங்கிட்டு, நான் கை தட்டினதும் வெளியில கேக்கற மாதிரி ஒண்ணா போடுங்க."

"ஐயையோ!" என்று ஆசான் துள்ளினார். "புத்தி இடம் மாறிடும்!"

டைப் அடிக்கிறவர் எழுந்தார். "மாறட்டுமே. என் புத்தி யாருக்குப் போகுதோ, நஷ்டம் அவங்களுக்குத்தான். அக்கா, தட்டுங்க."

மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களின் கை பெட்டிக்குப் போனது. அவள் தட்டினாள்.

ஒரே இசை. முன்வரிசை, பின்வரிசை, மாடி, எங்கும் அதே இழைப்பு. சரியான இடத்தில் மண்டபமே சேர்ந்து 'டங்' என்றது.

"இது எங்க பேங்குக்குப் போன் போட்டா காத்திருக்கச் சொல்லிப் போடற மியூசிக்காச்சே!" என்றார் ஒரு கணக்குப் பிள்ளை. "எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். வெளியில சொன்னா புத்தி மாறிடுமோன்னு வாயை மூடிக்கிட்டேன்."

ஆசான் வியர்வையைத் துடைத்தார். "அதாவது... ஆழத்துல பார்த்தா எல்லா ஆன்மாவும் ஒண்ணுதான்..."

"அப்புறம் எதுக்கு ஐயா பிறந்த நேரம் கேட்டீங்க?" என்றாள் கமா அக்கா. "எனக்குக் கவனம் போனது டேப்பால இல்ல. கட்டின மனுஷன் பாலுக்குப் போய்த் திரும்பி வரலைன்னா கவனம் சிதறத்தான் செய்யும். அதுக்குப் பேரு துக்கம். அதைக் கரைக்க உங்க தொட்டி பத்தாது."

கூட்டம் மேடையை நோக்கி நகர்ந்தது. ஆசான் பின்னால் நகர்ந்தார். பின்னால் தொட்டி இருந்தது. கடைசியில் கரைக்கப்பட்டது ஆசான்தான்.

திங்கட்கிழமை முதலாளி அசடு வழிய வந்தார். "அக்கா, அப்ப வேலை செய்யறப்ப என்னதான் கேக்கறது?"

"வார்த்தை இல்லாத எதையாவது மெதுவா போடுங்க. உதவினா ஓடட்டும், தொந்தரவா இருந்தா நிறுத்துங்க. இதுக்கு ஆசான் எதுக்கு, காது போதாதா?"

அச்சகத்தின் நடு மேசைக்கு வீட்டு டேப் ரெக்கார்டர் வந்தது. எல்லோர் காதிலும் ஒரே இசை விழுந்தது. யாருடைய புத்தியும் இடம் மாறவில்லை. சிலருக்கு மாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளிடம் பிழைகள் மெல்ல மெல்லப் பிடிபட ஆரம்பித்தன. சில இன்னும் தப்பிக்கின்றன.

ஐயாமாரே, அம்மாமாரே, காதை யாருக்கு வேண்டுமானாலும் வாடகைக்கு விடுங்கள். இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, சாப்பாடு முடிந்து மூன்று மணியானால் அச்சகம் முழுவதும் கொட்டாவி விடுகிறது. எந்த வாத்தியத்தாலும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.