குமுதா தலையாட்டிய வண்டி

கமலநாதன் கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டியபோது, குமுதா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"இந்த வண்டி வேணாங்க."

"ஏன்? நல்லாப் படுத்துப் பார்த்தியா?"

"படுத்தேன். சரிப்பட்டு வராது."

அது காடும் இல்லை, ஆற்றங்கரையும் இல்லை. கிள்ளானில் ஃபோர் வீல் வண்டி விற்கும் ஒரு கடையின் கொட்டகை. விற்பனையாளன் யுகேந்திரன் அடுத்த வண்டியின் சாவியைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கும் ஷா ஆலாம் வேலைக்கும் நடுவே நெரிசலில் ஊர்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர் கமலநாதன். குவா மூசாங் பக்கம் காட்டுக்குள் போய், ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் குமுதா எங்கும் வரமாட்டாள். கல்யாணமான புதிதில் கேமரன் மலைக்குப் போய்விட்டு, கண் சிவந்து திரும்பியவள், அதன் பிறகு எந்தப் பயணத்துக்குக் கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்க" என்றுவிடுவாள். வீட்டிலும், காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று சொல்லி, பக்கத்து அறையில்தான் படுப்பாள். தனியாகப் போய் எதைப் பார்த்தாலும் கமலநாதனுக்கு ருசிப்பதில்லை. அவருக்கு அவள் பக்கத்தில் வேண்டும்.

அதனால்தான் இந்த முறை அவள் "வரேன்" என்றபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா ஒண்ணு. பூச்சி பொட்டுன்னா எனக்குப் பயம். நான் வண்டிக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் படுப்பேன். நீங்க பக்கத்துல டெண்டு போட்டுக்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே அப்படிப் படுத்துப் பார்த்துடணும்."

யுகேந்திரனின் கடையில் எல்லா வண்டியிலும் பின்னால் படுக்கையும் கூரையில் சின்னக் காற்றாடியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு, பிறகு கிள்ளானில் ஒத்திகை என்று முடிவாயிற்று.

முதல் வண்டி ஏன் பிடிக்கவில்லை என்று கமலநாதன் வாரம் முழுக்க யோசித்தார். தான் அரைகுறையாகத் தூங்கியதைப் பார்த்து அவள் மிரண்டிருக்க வேண்டும். கூடாரத்தில் எவ்வளவு சுகமாகத் தூங்கலாம் என்று காட்டிவிட்டால் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு இலையில் மறுபடியும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குமுதாவே அப்பளத்தை அவர் இலைக்குத் தள்ளினாள். வீட்டுத் தலையணையோடு போய்ப் படுத்தவர், அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்.

கண் விழித்தபோது குமுதா வெளியே உட்கார்ந்து தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வண்டியின் அடியில் மெக்கானிக்கின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன தம்பி, ரிப்பேரா?"

"இஞ்சின்ல ஏதோ சத்தம்னு கஸ்டமர் சொல்றாரு அங்கிள். ஆஃப் பண்ணாலும் கேக்குதாம்."

"கியர்பாக்ஸ்தான். நான் படிச்சிருக்கேன்," என்றார் கமலநாதன். குமுதாவிடம், "நல்லவேளை, நாம அதைப் பார்க்கலை," என்று பெருமையாகச் சொன்னார்.

"ஆமாங்க," என்றாள் அவள். "ஆனா நம்ம வண்டியும் வேணாம்."

மூன்றாம் முறை அவருக்குச் சளி. இருமல் மருந்தையும் விழுங்கிவிட்டு வந்து, இன்னும் சுகமாகத் தூங்கிக் காட்டினார். எழுந்து பார்த்தால் கொட்டகையில் வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. யுகேந்திரன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அங்கிள், அடுத்த தடவை சண்டே வேணாமே. கூட்டம் இல்லாத நாளா வர முடியுமான்னு பாஸ் கேக்குறாரு."

வீடு திரும்பும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கம்போல நெரிசல். கமலநாதன் ரேடியோவை அணைத்தார்.

"விட்டுடலாம் குமுதா. உனக்குப் பிடிக்காம எனக்கு எதுக்கு வண்டி?"

அவள் ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் போகணும்னுதாங்க ஆசை. இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்ப்போம்."

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். யுகேந்திரன் காட்டியது கட்டைகுட்டையான பழைய வண்டி. அதை ஆற்றில் எவ்வளவு ஆழம் வரை இறக்கலாம் என்று கமலநாதன் விளக்க ஆரம்பித்தார். குமுதா அதைக் காதில் வாங்கவில்லை. கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஏறினாள்.

"முருகா, இதாவது அமையட்டும்," என்று வேண்டிக்கொண்டே படுத்தவர் எப்போது தூங்கினாரோ, எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வெளியே குமுதா இல்லை. பதறிப்போய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கைப்பையைத் தலைக்கு வைத்து, வாயைப் பிளந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. கண்ணாடியைப் பலமாகத் தட்டிய பிறகே கண் திறந்தாள்.

"விடிஞ்சிருச்சாங்க?"

"சாயங்காலம் ஆகப்போகுது."

"இதையே எடுத்துடுங்க. குவா மூசாங் என்ன, தாய்லாந்து வரைக்கும்கூட வரேன்."

கமலநாதனுக்கு அங்கேயே ஆட வேண்டும்போல இருந்தது. ஜெயித்துவிட்டார். கையெழுத்துப் போடும்போதுகூடச் சிரிப்பு அடங்கவில்லை. குமுதா முகம் கழுவப் போனதும் யுகேந்திரனின் தோளில் கை போட்டார்.

"பார்த்தியா தம்பி? அவளுக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா படுத்ததுமே இதோட சஸ்பென்ஷன் அருமை புரிஞ்சிருச்சு."

"சஸ்பென்ஷன் இல்ல அங்கிள்," என்று சாவியை நீட்டினான் யுகேந்திரன். "கதவைச் சாத்தினா உங்க குறட்டை உள்ள கேக்காத வண்டி எங்க கடையில இது ஒண்ணுதான் லா."