அமாவாசை ஆலாக்கள்

மரக்காணம் கடற்கரையில் எண்ணிக்கை நூற்றெட்டைத் தாண்டியபோது பரிமளாவுக்குச் சிக்கல் தொடங்கியது.

"நூத்தியெட்டுதான் முடிஞ்சுதே. இன்னும் இன்னாத்த முணுமுணுத்துகினு இருக்குற?" என்றாள் மாமியார் தனகோடி.

"ஆயிரத்தெட்டு ஜெபிக்கணுமாம், அத்தை."

பொய்க்கு மேல் பொய். ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மாதாமாதம் அன்று தனகோடி தனியாக மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்வருவாள். அவள் கொண்டுபோய்வரும் பையைத் துவைக்கும்போதெல்லாம் கோயிலில் இவ்வளவு மணலா என்று பரிமளா சலித்துக்கொள்வாள். இந்த அமாவாசைக்கு அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. பறவை எண்ணும் குழுவொன்று இந்தக் கரையை அவளை நம்பி ஒப்படைத்திருந்தது. வலசை வந்திருக்கும் ஆலாக்களை எண்ணி அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பேருக்கென்று வந்த முதல் வேலை. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

முட்டி வலியோடு நீங்கள் எதற்கு, மலையனூருக்கு நானே போகிறேன் என்றாள். அமாவாசையை நான் விட்டதே இல்லை என்று மாமியாரும் கிளம்பிவிட்டாள். பேருந்து சேத்துப்பட்டை எட்டுவதற்குள், முதலில் கடலில் முழுக வேண்டும், ஜோசியர் சொன்னார் என்று இன்னொரு பொய். அதற்கு மாமியார் மறுபேச்சே பேசவில்லை.

"அப்ப கண்ல வெச்சிகினு கீறியே, அது இன்னா?" என்று கரையில் தனகோடி விடாமல் கேட்டாள்.

"பைனாகுலர், அத்தை. ஜோசியர்தான் இதுல கடலைப் பாக்கச் சொன்னார்."

"அப்ப பெரியவங்க மொதல்ல பாக்கட்டும்."

வாங்கியவள் ஒற்றை விரலால் திருகைச் சரிசெய்துகொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். உதடு மட்டும் அசைந்தது. வேண்டுதல் போலும். கெஞ்சியும் தரவில்லை. வெறுங்கண்ணுக்கு ஆலாவும் நுரையும் ஒன்றாகவே தெரிந்தன. ஒரு நாய் ஓடியது. கூட்டம் மொத்தமும் எழும்பி வானத்தோடு போயிற்று.

மாமியாரிடம் சொன்ன பொய்கள் பரிமளாவை உறுத்தவில்லை. இனிக் குழுவுக்கு ஒரு பொய் எண்ணை அனுப்ப வேண்டுமே என்பதுதான் உறுத்தியது. ஒரு டீயாவது குடிக்கலாம் என்றாள்.

"டீ வேணாம், ஜல்தியா வா" என்று தனகோடி முக்காடு போட்டுக்கொண்டு கடையைத் தாண்டி விரைந்தாள். முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

டீக்கடைக்காரி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, கண்டுக்காம போறீங்க? உங்க பைனாகுலர் உள்ளதான் கீது, இந்த அமாவாசைக்கு ஆலா எண்ணலையா?"